எழுதிக் கொடுப்பதா, லைசென்ஸ் தருவதா? தனிப்பாடல் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

சொந்தக் காசில் பதிவு செய்த தனிப்பாடலை ஒரு லேபிளிடம், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனத்திடம், கொண்டுபோனால், பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்களில் ஒன்றுதான் கைக்கு வரும். ஒன்று அசைன்மென்ட்: மாஸ்டரை, அதாவது பதிவு செய்த ஒலியின் உரிமையை, அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவது. மற்றது லைசென்ஸ்: உரிமை நம்மிடமே இருக்க, இத்தனை ஆண்டு என்று பயன்படுத்தக் கொடுப்பது. கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் குழு ஐந்தாண்டு லைசென்ஸில் கையெழுத்திட்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

அசைன்மென்ட் பக்கமும் நியாயம் இருக்கிறது. அட்வான்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். பாட்டு தன்னுடையது என்று ஆனபின் லேபிளும் விளம்பரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் என்கிறார்கள். எழுதிக் கொடுத்ததால் எல்லாமே போய்விடுவதும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை லேபிளுக்கு விட்டுத்தருவதாக எழுதினாலும் அது செல்லாது. ஆனால் இது வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள பாதுகாப்பு. நாம் காசு போட்டுப் பதிவு செய்த ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு, இது கிடையாது. ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. ‘நிரந்தரமாக’ என்று இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த 60 ஆண்டும் போயிற்று. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் என்கிறது சட்டம். காலத்தைக் குறிப்பிட மறக்கும் லேபிளை நான் பார்த்ததில்லை.

சரி, தலைப்பில் லைசென்ஸ் என்று இருந்தால் போதுமா? போதாது. பாட்டு எந்தத் தேதியில், எந்த நிலையில் நம்மிடம் திரும்பி வரும் என்பதுதான் முக்கியம். எங்களுக்கு வந்த முதல் வரைவில் ‘ஐந்தாண்டு, அல்லது அட்வான்ஸ் முழுவதும் கழியும் வரை, இரண்டில் எது பிந்தியதோ அது’ என்று இருந்தது. கழிவது என்றால், கொடுத்த அட்வான்ஸை லேபிள் பாட்டின் வருமானத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது. நாலு பக்கம் தள்ளி, விளம்பரச் செலவையும் அதே கணக்கில் சேர்க்கலாம் என்று இன்னொரு பத்தி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கணக்கு லேசில் கழியாது. பெயர்தான் லைசென்ஸ், காரியமெல்லாம் அசைன்மென்ட். இதைப் பிடித்தவர் எங்கள் வக்கீல். ஐந்தாண்டு வெளியீட்டுத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்று இருந்ததையும் அவர்தான் கையெழுத்துத் தேதியிலிருந்து என்று மாற்றச் சொன்னார். இல்லாவிட்டால் பாட்டை வெளியிடாமலே வைத்திருந்தால் காலக்கெடு தொடங்கவே தொடங்காது.

ஆனால் அவர் நிலப் பத்திரமும் காசோலை வழக்கும் பார்ப்பவர். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி. எண் பற்றி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. காலம் முடிந்து பாட்டை நாமே ஏற்றும்போது பழைய எண்ணையே கொடுத்தால் ஸ்பாட்டிஃபையில் இதுவரை கேட்ட எண்ணிக்கை பெரும்பாலும் கூடவே வரும். புது எண் என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். யூடியூபில் கன்டென்ட் ஐடி (வீடியோக்களில் ஒலிக்கும் பாட்டைத் தானாகக் கண்டுபிடித்து உரிமையாளரோடு இணைக்கும் ஏற்பாடு) மூலம் செய்த உரிமைகோரலை லேபிள் விலக்கிக்கொள்ளாவிட்டால், நம் சேனலில் நம் பாட்டு ஓடினாலும் பணம் அங்கே போகும். (லேபிள் சேனலில் இருக்கும் வீடியோவின் பார்வைகள் எப்படியும் வராது, அதை மறந்துவிட வேண்டியதுதான்.) இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். அவர் சட்ட மொழியில் கோத்துத் தந்தார். படித்துத் திருத்த மட்டும் இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணம் பேசியிருந்ததால் சங்கடமும் இல்லை. இசைத்துறை தெரிந்த வக்கீல் கிடைத்தால் இந்த வேலை மிச்சம். ‘எங்கள் வக்கீலே உங்களுக்கும் பார்த்துவிடுவார்’ என்று லேபிள் சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் ஐந்தாண்டு இன்னும் முடியவில்லை. ஆகவே திரும்பப் பெறும் பத்திகள் நடைமுறையில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நான் சாட்சி இல்லை. சினிமாப் பாட்டுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது; தயாரிப்பாளர் காசில் பதிவாகும் பாட்டின் மாஸ்டர் பொதுவாக அவர் கையில்தான். விளம்பர ஜிங்கிள் என்றால் நானே நல்ல விலை பேசி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஊறுகாய் விளம்பரத்தின் மாஸ்டர் ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?