எடைப் பட்டியல் நிரலில் பைண்டிங்லிஸ்ட்: மூன்று சீசன் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் மீன் கம்பெனியில் எடை வரிகள் அடுத்தடுத்து விழும். படகு எண், மீன், கிலோ, விலை. சீலாவுக்கும் கணவாய்க்கும் பேரம் படிந்த பிறகுதான் விலை ஏறும். அதனால் புது வரி சேர்வதைவிட, இருக்கும் வரி திருத்தப்படுவதே அதிகம். விண்டோஸ் திரை நிரல் எழுத உதவும் விண்ஃபார்ம்ஸின் பட்டியலுக்கு இதுதான் உண்மையான சோதனை.

முதல் சீசனில் திரைக்குத் தரவு கொடுக்கும் டேட்டாசோர்ஸாக இருந்தது சாதாரண லிஸ்ட். அதில் வரி சேர்த்தால் திரைக்குத் தெரியாது. மாற்றத்தை அறிவிக்கும் வசதியே அதற்கு இல்லை. அதே லிஸ்ட்டை மறுபடி கொடுத்தாலும் திரையில் பட்டியலைக் காட்டும் லிஸ்ட்பாக்ஸ் கண்டுகொள்ளாது. ஆகவே டேட்டாசோர்ஸை வெறுமையாக்கி மறுபடி கட்டும் பழக்கம் வந்தது. இதை யாரும் செய்ய வேண்டாம். வெறுமையாக்கியதும், எந்தப் புலத்தைக் காட்டுவது என்று சொல்லும் டிஸ்ப்ளேமெம்பரும் அழியும். திரும்ப வைக்காவிட்டால் மீன் பெயருக்குப் பதில் கிளாஸ் பெயர் வரிசைகட்டி நிற்கும். அதுவாவது கண்ணில் பட்டுவிடும். தேர்வு முதல் வரிக்குத் தாவுவது கண்ணில் படாது. பதினேழாம் வரிக்கென்று தட்டிய விலை வேறொரு படகின் கணக்கில் ஏறிவிடும். கடலுக்குப் போய் வந்தவரின் கூலி அது.

இரண்டாம் சீசனிலிருந்து மாற்றத்தை அறிவிக்கும் பைண்டிங்லிஸ்ட், அதற்கும் திரைக்கும் நடுவில் இணைப்பாகப் பைண்டிங்சோர்ஸ். சேர்ப்பதும் நீக்குவதும் தானாகத் திரைக்கு வருகின்றன. விலைத் திருத்தம் மட்டும் வராது. அதற்கு எடை வரி கிளாஸில், மதிப்பு மாறியதை அறிவிக்கும் ஐநோட்டிஃபைப்ராபர்ட்டிசேஞ்ச்டு எழுத வேண்டும். மாறிய ப்ராபர்ட்டியின் (விலை போன்ற புலத்தின்) பெயரைச் சரியாக அனுப்புங்கள். பெயர் காலியாகப் போனால் பைண்டிங்லிஸ்ட் அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பட்டியல் முழுவதையும் ரீசெட் செய்யும். அந்தப் பெயரைத் தானே நிரப்பும் காலர்மெம்பர்நேம் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

மின்தராசு சீரியல் போர்ட்டில் இருந்தால் கவனம் தேவை. எடை வந்ததைச் சொல்லும் டேட்டாரிசீவ்டு, திரை ஓடும் த்ரெட்டில் (இயக்க இழையில்) அல்லாமல் வேறு த்ரெட்டில் ஓடும். அங்கிருந்தே வரி சேர்த்தால் அறிவிப்பும் அதே த்ரெட்டில் வந்து, கண்ட்ரோல் பிழை எறியும், அல்லது பட்டியல் அரைகுறையாக நிற்கும். வேலையைத் திரையின் த்ரெட்டுக்கு அனுப்பும், ஃபார்மின் பிகின்இன்வோக் வழியாகத்தான் சேர்க்க வேண்டும்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து படகுகள் திரும்பும் முதல் நாட்களில் வரிகள் மொத்தமாக ஏறும். அப்போது அறிவிப்பை நிறுத்த ரெய்ஸ்லிஸ்ட்சேஞ்ச்டுஈவென்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி, எல்லாவற்றையும் ஏற்றி, ட்ரூ ஆக்கி, ஒரே ஒரு ரீசெட்பைண்டிங்ஸ் போதும். இல்லையென்றால் வரிக்கு ஒருமுறை திரை மினுக்கும். ரீசெட் ஆகும்போது தேர்வு வரிசை எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளும், பொருளை அல்ல. வரிசை மாறியிருந்தால் அதே எண்ணில் வேறு படகு நிற்கும். முன்கூட்டியே தேர்ந்த எடை வரியின் சீட்டு எண்ணைக் குறித்துவைத்து, பிறகு அந்தச் சீட்டைத் தேடித் தேர்வை வையுங்கள்.

ஒரே குறை, அட்டவணையாகக் காட்டும் கிரிட்டில் தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்படுத்தும் வசதி பைண்டிங்லிஸ்ட்டில் இல்லை. மீன் வாரியாக அடுக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு கிளாஸைப் பெற்று வரிசைப்படுத்தும் அப்ளைசார்ட்கோரை நாமே எழுத வேண்டும். அட்டவணையாகத் தரவை வைக்கும் டேட்டாடேபிளில் இருக்கும் கணக்குக்கு இந்த உழைப்பு வேண்டாம். அந்த அட்டவணையின் டேட்டாவியூ அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.