கராஜ் சீலிங்குக்கு டிரைவால்: விட்டத்தில் நேரடியாகவா, குறுக்குச் சட்டம் அடித்தா?

டிரைவால் என்னும் ஜிப்சம் போர்டு வாங்கப் போவதற்கு முன், விட்டங்களின் அடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். எந்த முறை சரிப்படும் என்பதை முக்கால்வாசி அந்த நூலே சொல்லிவிடும்.

விட்டங்கள் 16 அங்குல இடைவெளியில், நூலுக்கு ஒத்து நிற்கின்றனவா? அப்படியானால் நேரடியாக முடுக்கிவிடலாம். கூடுதல் மரம் வேண்டாம், உயரமும் குறையாது. ட்ரஸ் (முக்கோணக் கூரைச் சட்டகம்) வைத்த கராஜ் என்றால் இடைவெளி பெரும்பாலும் 24 அங்குலம். அதில் சாதாரண அரை அங்குலப் போர்டை ஏற்றி, மேலே இன்சுலேஷனையும் பரப்பினால் நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். தொய்யாத சீலிங் போர்டோ 5/8 அங்குலமோ வேண்டும். மேலே ஆட்கள் புழங்கும் அறை இருந்தால் 5/8 அங்குலத் தீத்தடுப்புப் போர்டுதான். பல இடங்களில் கட்டட விதியே அதைக் கேட்கும். அந்தத் தீத்தடுப்புப் போர்டு 4x8 அடி அளவில் ஒன்று 30 கிலோவைத் தாண்டும், போர்டைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் கருவி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நான் நூல் பிடிக்காமல் நேரடியாக அடித்தவன். ஒரே ஒரு விட்டம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கதவைத் தூக்கினேன். வாசல் தரையில் பட்ட வெளிச்சம் சீலிங்கை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக ஒரு புடைப்பு!

இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் குறுக்குச் சட்டம். விட்டங்களுக்குக் குறுக்கே, 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடிப்பது. மிகவும் இறங்கிய விட்டத்தை மட்டமாக எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களில் சக்கை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய மரத்துண்டு) கொடுக்க வேண்டும். பலர் முக்கால் அங்குல ரீப்பரை வாங்கிவிடுகிறார்கள். 24 அங்குல இடைவெளியில் அது ஸ்க்ரூவை முடுக்கும்போதே துள்ளும்; போர்டு இறுக்கமாக உட்காராது, பின்னால் ஸ்க்ரூத் தலை வெளியே எட்டிப் பார்க்கும். 2x4 கட்டையைப் படுக்கை வாட்டில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. என்ன, ஒன்றரை அங்குல உயரம் போகும் (பெயரில்தான் 2, உண்மைத் தடிமன் ஒன்றரை).

மரம் வளையும், முறுக்கும். தொப்பி வடிவ இரும்புச் சேனலில் அந்தக் கவலை இல்லை, 7/8 அங்குலம்தான் இறங்கும். விட்டம் ரொம்பக் கோணலாக இருந்தால் என் ஓட்டு இதற்கே. இதற்கும் சக்கை வைத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும், ஆனால் ஒருமுறை பார்த்தால் அப்படியே நிற்கும். போர்டுக்கு நெருக்கமான மரை உள்ள ஸ்க்ரூ தேவை.

கம்பியில் தொங்கவிடும் ஜிஐ சட்டகம் குழாய்களை மறைக்க மட்டும் சரி. கராஜில் கதவுத் தண்டவாளத்துக்கு மேலே அவ்வளவு இடம் அபூர்வம்.

எந்த முறையானாலும் இரண்டு வேலைகளைப் போர்டு ஏறும் முன்பே முடியுங்கள். விட்டத்துக்கு இணையாக ஓடும் சுவரோரத்தில் போர்டு விளிம்பைப் பிடிக்க ஒரு கட்டை. அப்புறம், கதவு மோட்டாரும் தண்டவாளமும் தொங்கும் இடங்களில் விட்டத்தோடு சேர்த்து முடுக்கிய 2x6 கட்டை. அந்தப் பாரத்தைச் சேனலில் மாட்டக் கூடாது. கட்டை இருக்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள், போர்டு மூடிய பிறகு தட்டித் தட்டித் தேட வேண்டியிருக்காது.