செம்பனைத் தோட்டத்தில் மோட்டோகிராஸ் ஃபோர்க்கும் எண்டூரோ ஃபோர்க்கும்: இரண்டையும் ஓட்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் எடை அறுபது கிலோவை ஒட்டி இருக்கிறதா? ஓட்டுவது பெரும்பாலும் ஜோகூர்ச் செம்பனைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய காட்டுத் தடங்களிலுமா? அப்படியானால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாய்) எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

மோட்டோகிராஸ் (மேடு பள்ளம் கட்டிய மண் தடத்துப் பந்தய பைக்), எண்டூரோ (காட்டுத் தடங்களுக்கான பைக்) வகை வண்டிகளைச் சிங்கப்பூரில் காட்டுக்குள் ஓட்ட இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் என் இரண்டு வண்டிகளும் ஜோகூரின் கூலாயில் ஒரு நண்பர் வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றன. விடிவதற்கு முன் துவாஸ் இரண்டாவது இணைப்பைத் தாண்டிவிட்டால் நெரிசல் இல்லை. பள்ளி விடுமுறை வாரங்களில் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. என் எடை 62 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் 70 வரும். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வண்டி யமஹா ஒய்இசட்250எஃப், மோட்டோகிராஸ் வகை. முன்னால் 48 மி.மீ. குழாய் கொண்ட கேஒய்பி கம்பெனி ஃபோர்க், அசைவு தூரம் 310 மி.மீ. எஸ்எஸ்எஸ் என்று பேர் வாங்கிய இந்த ஃபோர்க் 2006 முதல் யமஹாவின் மோட்டோகிராஸ் வண்டிகளில் வருகிறது. எண்ணெய் மூடிய அறைக்குள் அழுத்தத்தில் இருப்பதால், தொடர்ந்து அடி வாங்கினாலும் நுரைத்துப் பிடிப்பை இழப்பதில்லை. ஜோகூர்ப் பக்கம் ஒரு தனியார் மோட்டோகிராஸ் தடத்தில் இதை ஓட்டும்போது குறை சொல்ல வாய் வராது. டேபிள்டாப்பில் (மேல் தட்டையான தாவல் மேட்டில்) குறைவாகத் தாவி அதன் விளிம்பிலேயே இறங்கினாலும் 'டங்' என்ற சத்தம் இல்லை, கைப்பிடியில் உதறல் இல்லை. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் ரொம்பக் குனிவதும் இல்லை.

அதே வண்டியைச் செம்பனைக்குள் கொண்டுபோனால் கதை வேறு. மழை பெய்த மறுநாள், செம்மண் வழுக்கும்போது, வேர் ஒன்றைக் குறுக்காக ஏறவேண்டி வரும். ஃபோர்க் உள்ளே போய் வேரை விழுங்கிக்கொள்ள வேண்டும். ஒய்இசட் அதைச் செய்யாமல் சக்கரத்தைப் பக்கவாட்டில் எத்திவிடுகிறது. உயரத்திலிருந்து விழும் வேகத்துக்காக உள்ளே கட்டியிருக்கிற வால்வுகள், நடை வேகத்தில் வரும் சின்ன அடிகளுக்குச் சட்டென்று திறப்பதில்லை. இரண்டாவது மணி நேரத்தில் முன்கை விறைத்துக் கிளட்ச்சைப் பிடிக்கவே முடியாமல் போகும். கம்ப்ரெஷன் க்ளிக்கரை (ஃபோர்க் எவ்வளவு எளிதில் அமுங்க வேண்டும் என்று வைக்கும் திருகை) எவ்வளவு வெளியே திருப்பினாலும் கொஞ்சம்தான் மாறுகிறது. அது மெதுவான அசைவுக்கான வழியை மட்டும்தான் திறந்து மூடுகிறது, பெரிய வால்வு அடுக்கு அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவது வண்டி கேடிஎம் 250 ஈஎக்ஸ்சி-எஃப், எண்டூரோ வகை, 2024 மாடலுக்கு முந்தியது. முன்னால் டபிள்யூபி கம்பெனியின் எக்ஸ்ப்ளோர் ஃபோர்க், அதுவும் 48 மி.மீ.தான், ஆனால் அசைவு 300 மி.மீ. திறந்த கார்ட்ரிட்ஜ் வகை, அதாவது ஒய்இசட்டைப் போல எண்ணெய் மூடிய அறைக்குள் அழுத்தத்தில் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேலைப் பிரிவினை. கம்ப்ரெஷன் டேம்பிங் (அமுங்குவதை மட்டுப்படுத்துவது) ஃபோர்க்கின் இடது காலில், ரீபவுண்ட் (திரும்ப நீள்வதை மட்டுப்படுத்துவது) வலது காலில். இரண்டு திருகுகளும் மேலேயே இருக்கின்றன, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஓடையைத் தாண்டும் முன் கையாலேயே இரண்டு க்ளிக் மாற்றிவிடலாம். ஒய்இசட்டில் ரீபவுண்டுக்கு ஃபோர்க்கின் அடியில் குனிந்து சேற்றைத் துடைக்க வேண்டும், யாருக்கு அந்தப் பொறுமை?

வேர்களிலும் கற்களிலும் எக்ஸ்ப்ளோர் வெண்ணெய் மாதிரி. சக்கரம் தரையை விடுவதே இல்லை. ஆனால் மோட்டோகிராஸ் தடத்துக்குக் கொண்டுபோன அன்று, முதல் பெரிய தாவலிலேயே அடிமட்டத்தில் இடித்தது. அதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. ஒவ்வொரு காலிலும் 10 மில்லி எண்ணெய் கூட்டினேன். உள்ளே காற்றுக்கான இடம் குறைவதால் அசைவின் கடைசிப் பகுதி மட்டும் இறுகும், ஆரம்ப மென்மை கெடாது. தாவல்களுக்கு இப்போதும் இது போதாது, தோட்டத்து வாய்க்கால்களுக்குப் போதும்.

பின்பக்கத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. யமஹாவில் லிங்கேஜ் இருக்கிறது, அதாவது பின் ஷாக்குக்கும் ஸ்விங்ஆர்முக்கும் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) நடுவே ஒரு நெம்புகோல் இணைப்பு. என் கேடிஎம்மில் பிடிஎஸ், அதாவது ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் இணைகிறது, அசைவு 310 மி.மீ. கேடிஎம் தன் மோட்டோகிராஸ் மாடல்களில் லிங்கேஜ்தான் வைக்கிறது, வரிசையாக வரும் பள்ளங்களில் வேகமாகப் போக லிங்கேஜ்தான் நல்லது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழுந்து கிடக்கும் செம்பனை மரத்தை ஏறிக் கடக்கும்போது, அடியில் தொங்கிக்கொண்டு மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது பெரிய நிம்மதி. அப்புறம் பராமரிப்பு. ஒய்இசட்டின் லிங்கேஜ் பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் போடாமல் ஒரு மழைக்காலத்தைக் கடத்தினால் துருப்பிடித்த ஊசிகள்தான் மிஞ்சும்.

சரி, இப்போது அந்த 70 கிலோ விஷயத்துக்கு வருவோம். கேடிஎம் இந்த வண்டியின் ஸ்பிரிங்குகளை 75 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்காகப் போட்டு அனுப்புகிறது. நம் ஊரில் பலர் அதற்குக் கீழே. இதைச் சரிபார்க்க ஓர் அளவுநாடாவும் இரண்டு நண்பர்களும் போதும். பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வையுங்கள். ஸ்டாண்டில், சக்கரம் காற்றில் இருக்கும்போது ஒரு அளவு. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது இரண்டாவது அளவு. முழு உடுப்போடு நீங்கள் ஏறி நின்றால் மூன்றாவது. முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஓட்டுநர் சாக், அதாவது உங்கள் எடையோடு வண்டி அமிழும் அளவு. பிடிஎஸ் வண்டிக்கு 110 மி.மீ. பக்கம் இருக்கவேண்டும், ஒய்இசட்டுக்கு 100 பக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டியின் சொந்தச் சாக், இது 30 முதல் 40 மி.மீ.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். என் கேடிஎம்மில் பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையம்) தளர்த்தி 110-ஐக் கொண்டுவந்ததும் சொந்தச் சாக் 44 ஆனது. வண்டி தானாகவே நிறைய அமிழ்கிறது, அப்படியானால் ஸ்பிரிங் மென்மை என்றுதான் தோன்றும். உண்மை தலைகீழ். என் எடைக்கு ஸ்பிரிங் கெட்டி என்பதால்தான் 110 வருவதற்குப் பிரீலோடை அவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது. எடை அதிகமானவருக்கு எதிர்ப்பக்கம் நடக்கும், சொந்தச் சாக் இருபதுக்குள் சுருங்கி நிற்கும். கூலாயில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் நாடாவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "தம்பி, க்ளிக்கரைத் திருகித் திருகி ஸ்பிரிங்கை மாத்த முடியாதுப்பா." பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி மென்மையான ஸ்பிரிங் போட்டோம். 110-க்கு 40 வந்தது. வழக்கமாகக் கையை எரிக்கும் அதே ஏற்றத்தில் முன்சக்கரம் கோட்டைவிட்டு விலகாமல் ஏறியது.

காற்று ஃபோர்க் பற்றிக் கேட்பவர்களுக்கு: நண்பரின் கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப் மோட்டோகிராஸ் வண்டியில் டபிள்யூபியின் ஏஇஆர் ஃபோர்க் இருக்கிறது. ஒரு காலில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று, மறு காலில் டேம்பிங். எடை குறைந்தவருக்குப் பம்ப் இருந்தாலே போதும், ஸ்பிரிங் வாங்கவேண்டாம், அந்த வசதி உண்மைதான். ஆனால் பத்து பார் அழுத்தத்தில் நிழலில் வைத்த வண்டி, வெயிலில் நின்று இருபது டிகிரி கூடினால் அழுத்தம் அரை பாருக்கு மேல் ஏறிவிடும். லோரியின் பின்னால் நண்பகல் வெயிலில் நின்ற வண்டியில் அளந்து காற்றை வெளியே விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மாலையில் முன்பக்கம் தொங்கும். குளிர்ந்த நிலையில் மட்டும் அளவெடுங்கள். எனக்கு ஸ்பிரிங்கே போதும்.

நம் பக்கத்து வெப்பமும் செம்மண்ணும் எண்ணெயைச் சீக்கிரமே கருப்பாக்கிவிடுகின்றன. ஃபோர்க் காலில் காய்ந்த மண்ணோடு வண்டியைக் கிளப்பினால் சீல் கிழிந்து எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் வழியும். ஒழுக ஆரம்பித்தவுடனே சீலை மாற்றத் தேவையில்லை, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டுச் சுற்றி மண்துகளை எடுத்தால் பாதி நேரம் நின்றுவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போது மேல் திருகைத் திறந்து, சேர்ந்திருக்கும் காற்றை வெளியேற்றுவதும் பழக்கமாகட்டும். ஒரு கடையில் சர்வீஸ் கொடுத்தபோது இரண்டு காலிலும் எண்ணெய் அளவு வெவ்வேறாகத் திரும்பி வந்தது. அதிலிருந்து எண்ணெய் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரின் எடையைக் கேளுங்கள், ஸ்பிரிங் மாற்றியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். தொண்ணூறு கிலோக்காரர் தனக்கென்று தயார் செய்த ஃபோர்க் எவ்வளவு பளபளத்தாலும் நமக்கு உதவாது. ஸ்பிரிங் செட்டுக்கு ஆகும் செலவு, புது ஃபோர்க்குக்கு ஆகும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது. 2024 முதல் ஈஎக்ஸ்சி வண்டிகளிலும் மூடிய கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் வந்துவிட்டது, பின்னால் பிடிஎஸ் தொடர்கிறது. அதை ஒரு சுற்றுதான் ஓட்டினேன், அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை. என் ஒய்இசட்டை விற்கும் எண்ணம் இல்லை. அதற்கும் ஒரு படி மென்மையான ஸ்பிரிங் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் அண்ணன் கடையில் மாட்டி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தோட்டத்துக்குள் ஒரு சுற்று போய்ப் பார்க்க வேண்டும்.