ஐந்து தண்டில் இரண்டு தேறியது: கடையில் வாங்கிய லெமன்கிராஸை மாடியில் நட்ட கதை

சமைக்க வாங்கிய சாமானை மண்ணில் நட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இது. "நாங்க இதைக் கன்றுன்னு விக்கலையே சார்" என்று கடைக்காரர் கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான். இருந்தாலும் மதுரையில் என்னைப் போல நாலு பேராவது இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

வாங்கியது ஊருக்குள் இருக்கிற ஏசி சூப்பர் மார்க்கெட் ஒன்றில், பெயர் வேண்டாம். தெர்மாகோல் தட்டில் ஐந்து லெமன்கிராஸ் (எலுமிச்சைப் புல்) தண்டு, மேலே பிளாஸ்டிக் சுற்று, 59 ரூபாய். மீனாட்சியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாக் கொடி ஏறின வாரம் அது. வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, மாட்டுக்குப் போடுற புல்லு மாதிரி இருக்கு, இதுக்குப் போயா அம்பத்தொம்பது ரூவா?" என்றார். ஒன்றைக் கசக்கி மூக்குக்கிட்ட கொண்டுபோனதும் பேச்சு கொஞ்சம் குறைந்தது. எலுமிச்சை இலையையும் இஞ்சியையும் சேர்த்து நசுக்கினது போல ஒரு வாசம், தரத்தில் குறை சொல்ல முடியாது. அடி வெள்ளையாக, கெட்டியாக, விரல் தண்டியில் இருந்தது. சமைக்க மட்டும் வாங்குகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், நல்ல சரக்குதான்.

நடுகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. லெமன்கிராஸ் தண்டின் அடியில் வெங்காயத்துக்கு இருப்பது போல ஒரு கெட்டியான தட்டு இருக்கும், சின்னச் சின்னப் புள்ளியாக முண்டு தெரியும், வேர் வருவது அந்த இடத்திலிருந்துதான். பாக்கெட் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று யாரோ அந்தத் தட்டைச் சீவி எறிந்திருக்கிறார்கள். ஐந்தில் மூன்று மொட்டை. அடியைத் திருப்பினால் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வளையம் வளையமாக அடுக்கு தெரிகிறது. இரண்டில் மட்டும் கத்தி தப்பி, தட்டு முழுசாக இருந்தது. பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் இதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அடிப்பக்கத்தை மறைத்துத்தான் விலைச் சீட்டை ஒட்டுகிறார்கள்!

சரி, காசு கொடுத்தாயிற்று என்று ஐந்தையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறுத்தினேன், அடி முங்குகிற அளவுக்கு இரண்டு விரல்கடைத் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அதனால் குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றினேன். சமையலறை ஜன்னல், காலை வெயில் விழுகிற இடம். மூன்றாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. மொட்டைத் தண்டு ஒன்றில் நடுக்குருத்து ஒரு அங்குலம் மேலே எழும்பிவிட்டது, பச்சைப் பசேல் என்று. தட்டு இருந்த இரண்டும் வைத்தது வைத்தபடி சும்மா நின்றன. நான் சொன்னது தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, தண்டுக்குள் இருக்கிற சத்தை வைத்தே குருத்து கொஞ்ச தூரம் ஓடும், கீழே வேர் இல்லாவிட்டால் அது வட்டிக்கு வாங்கின காசில் வாழ்கிற கதைதான். ஆறாம் நாள் தட்டு இருந்த ஒன்றில் அரிசி நுனி அளவுக்கு இரண்டு வெள்ளை முளை. மறுநாள் அது நான்காயிற்று. நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் கோழி நகம் மாதிரி விரித்துக்கொண்டு வந்தது.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இரண்டு நாளைக்கு மேல் விடவே கூடாது. நான் விட்டேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வந்து இறங்கிவிட்டார்கள், வீட்டில் நிற்க இடமில்லை, எதிர்சேவை, வைகை, தல்லாகுளம் என்று மூன்று நாள் ஓடியே போனது. கூட்டம் கிளம்பின பிறகு பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கிப் போய், கிட்டப் போனால் சாக்கடை நாற்றம். மொட்டைத் தண்டு மூன்றும், அந்த ஓடிப்போன குருத்து உட்பட, அடியில் கொழகொழவென்று அழுகிவிட்டன. வேர் விட்ட இரண்டையும் குழாயில் கழுவி, வெளியே பழுத்திருந்த இரண்டு மட்டையை உரித்துப் போட்டுப் புதுத் தண்ணீர் மாற்றினேன், பிழைத்துக்கொண்டன. ஆக ஐந்துக்கு இரண்டு. 59 ரூபாயை இரண்டால் வகுத்தால் ஒரு கன்று ஏறக்குறைய முப்பது ரூபாய்.

"இதுக்கு நர்சரியிலேயே வாங்கியிருக்கலாமே" என்று கேட்பீர்கள். வாங்கினேனே! போன வருஷம் ஒரு நர்சரியில் லெமன்கிராஸ் என்று சொல்லிக் கொடுத்த தொட்டி இன்றைக்கும் மாடி மூலையில் நிற்கிறது. அடி முழுக்கச் செவ்வரி ஓடி, கசக்கினால் டீக்கு உரிய வாசம் வரவில்லை, கொசு மருந்து வாசம் வந்தது. அது சிட்ரோனெல்லா, இதற்குப் பங்காளிப் புல், அதிலிருந்துதான் கொசு விரட்டி எண்ணெய் எடுப்பார்கள். அந்தப் புல்லைத் தொட்டியில் வைத்தால் கொசு வராது என்று நர்சரியில் சொன்னதையும் நம்பினேன். எண்ணெய் இலைக்குள்ளே இருக்கிறது, கசக்காமல் வெளியே வராது, எங்கள் மாடிக் கொசுக்கள் அந்தத் தொட்டியின் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறுகின்றன. விதைப் பாக்கெட் வாங்கினாலும் பெரும்பாலும் வருவது வேறு இனம், எண்ணெய்க்காகக் கேரளாவில் பயிரிடுகிற சிம்போபோகன் பிளெக்சுவோசஸ். அதிலும் டீ போடலாம், ஆனால் அடித்தண்டு இவ்வளவு தண்டியாக வராது. சமையலுக்கு வருகிற தடித்த தண்டு சிம்போபோகன் சிட்ரேட்டஸ், அது பூப்பதே அபூர்வம், தூர் பிரித்து நட்டால்தான் உண்டு. இந்த விஷயத்தில் கடைத் தண்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், வாங்கும்போதே மோந்து பார்த்து, அடி நிறம் பார்த்து, தின்கிற சரக்கு இதுதான் என்று தெரிந்து வாங்குகிறோம்.

அதனால் இரண்டாம் தடவை பாக்கெட்டை விட்டுவிட்டு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். இங்கிலீஷ் காய் விற்கிற வரிசையில் ஒரு அக்கா, புரோக்கோலிக்கும் செலரிக்கும் நடுவே ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "வேர்ப்பக்கம் வெட்டாதது இருக்கா அக்கா?" என்றேன். "வேரைத் தின்னவா போறீங்க தம்பி?" என்று சிரித்துவிட்டுச் சாக்கை உதறிக் காட்டினார். மண் ஒட்டினபடி, சிலதில் காய்ந்த வேர் மீசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நானே பொறுக்கி நான்கு எடுத்தேன், 30 ரூபாய். நான்கும் வேர் விட்டன. வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, இந்தச் சரக்கு தினமும் வருவதும் இல்லை, முதல் நாள் போய் வெறுங்கையோடு திரும்பினேன். அந்த ஏசிக் கடையில் தினமும் கிடைக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றினேன். பழைய பெயிண்ட் வாளி, அடியில் ஐந்தாறு ஓட்டை, பாதி செம்மண், மீதியில் மணலும் மக்கின மாட்டு எருவும். அக்னி நட்சத்திரம் நடக்கிறபோது இந்தக் காரியத்தைச் செய்தது என் புத்தி. புல்தானே, வெயிலைத் தாங்கும் என்று மொட்டை மாடி நடுவில் வைத்தேன், இரண்டே நாளில் தோகை நுனியெல்லாம் வைக்கோல். வளர்ந்த தூருக்கு முழு வெயில் வேண்டும், அது உண்மை. ஆனால் தண்ணீரில் வேர் விட்ட பச்சைக் குழந்தைக்கு மே மாதத்து மதுரைத் தளம் தோசைக்கல். தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நகர்த்தி, பத்து நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டுவந்தேன். ஆடிக் காற்றில் ஒவ்வொன்றும் ஏழெட்டுத் தூர் கட்டியது, ஐப்பசி மழை விழுந்த பிறகு வாளியே தெரியவில்லை.

டீக்கு இலை போதும், தண்டைப் பிடுங்க வேண்டாம். நான்கு விரல்கடை உயரம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். கரும்புத் தோகை மாதிரியே ஓரம் கையைக் கீறும், என் மணிக்கட்டில் இன்னும் கோடு இருக்கிறது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அறுங்கள். இரண்டு இலையை முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, கடைசியில் எடுத்து எறிந்துவிடலாம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிகிற மாதிரி இதில் பால் திரியாது, அம்மா இதற்காகவே கொஞ்ச நேரம் பாத்திரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரசத்தில் போட்டுப் பார்த்தேன், எனக்குப் பிடித்தது, "ரசத்துல எதுக்குப்பா சோப்பு வாசம்" என்று அம்மா சொல்லிவிட்டார், அந்தச் சோதனை அன்றோடு முடிந்தது. சுக்குமல்லிக் காப்பிக்கு மட்டும் இப்போது அவரே போய் இரண்டு இலை கிள்ளிக்கொண்டு வருகிறார்.

மதிப்பெண் என்று கேட்டால் ஏசிக் கடைப் பாக்கெட்டுக்குச் சமையலுக்கு ஐந்தில் நான்கு, நடுவதற்கு ஒன்றரை. மார்க்கெட் சரக்குக்கு இரண்டுக்குமே நாலரை, அலைச்சலுக்காக அரையைக் குறைத்திருக்கிறேன். பாக்கெட்தான் வழி என்றால் பில் போடும் முன்பே சீட்டை ஒதுக்கி அடியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நான் போன வாரம் கேட்டேன். அங்கே இருந்த பையன், "எல்லாமே சீவித்தான் சார் வருது, நாங்க வெட்டுறதில்ல" என்றான். பிறகு அவனே குனிந்து, அலமாரித் தட்டுக்கு அடியில் இருந்த, விலைச் சீட்டு ஒட்டாத சில்லறைத் தண்டுகளைக் காட்டினான். அதில் ஆறு எடுத்து வந்தேன், பாட்டிலில் நிற்கின்றன, இன்றோடு நான்கு நாள், இன்னும் முளை காட்டவில்லை.