வியாசர்பாடி மின்சார பஸ்: ஏறிப் பார்த்ததும் கணக்குப் போட்டுப் பார்த்ததும்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அதிலிருந்து எம்.கே.பி. நகர் – கோயம்பேடு தடத்தில் ஓடும் 46ஜி-யில் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: நல்ல பஸ், தயங்காமல் ஏறலாம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பழைய பஸ் என்றால் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்து, அப்புறம் மூச்சு வாங்கி, அடுத்த காலுக்கு நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். இதில் ஏறுவதற்குப் படியே கிடையாது, பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தினால் வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி தாண்டி உள்ளே போய்விடுகிறார். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்வுப் பலகை இருக்கிறது. இன்னொன்று, டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானட் இல்லை. கூட்டத்தில் அதை ஒட்டி நின்று கால் சுட்டவர்களுக்கு இந்த நிம்மதி புரியும். சத்தம் இல்லாததால் பின்சீட்டுக்காரர் போனில் பேசுவது முழுக்கக் காதில் விழுகிறது, அது பரவாயில்லை.

சரி, புகை. ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் முகத்தில் அடித்த டீசல் கரி இந்த பஸ்ஸிலிருந்து வருவதில்லை. வியாசர்பாடி மாதிரி நெருக்கமான தெருக்களில் இது ஒன்றுக்காகவே இந்தத் திட்டத்தைப் பாராட்டுவேன். ஆனால் 'மாசே இல்லாத பஸ்' என்று சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. நகர நெரிசலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 0.67 கிலோ. மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆக, கரியமில வாயுவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், காரணம் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி.

அந்த நிலக்கரியில் ஒரு பங்கு எரிவது நம் வீட்டுக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில். 630 மெகாவாட், 1,200 மெகாவாட் என்று ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் 2024 மார்ச்சில் இன்னொரு 800 மெகாவாட்டும் சேர்ந்தது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதைப் பற்றி எண்ணூர் மீனவர்கள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லா நிலையத்து மின்சாரமும் கலந்துதான் வருகிறது, எங்கள் பஸ்ஸுக்கு அங்கிருந்து மட்டும் வருகிறது என்று சொல்லவில்லை. ஆனால் பெரம்பூரில் குறைந்த புகை எண்ணூரில் கூடினால் வடசென்னைக்காரர்களாகிய நாம் எப்படி நிம்மதியாக இருப்பது?

பணிமனைக் கூரையில் சோலார் போட்டால் போதுமே என்பார்கள். போடட்டும், ஆனால் போதாது. ஒரு பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 120 பஸ்ஸுக்கு 24,000 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் நாளைக்கு நாலு யூனிட் தருகிறது, அப்படியானால் 6,000 கிலோவாட் வேண்டும், அதற்குப் பல ஏக்கர் பேனல். அதனால் ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கத்துக் காற்றாலை மின்சாரத்தை இந்த பஸ்களுக்கென்றே ஒப்பந்தம் போட்டு வாங்குவதுதான் வழி என்று எனக்குப் படுகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்குப் பஞ்சமில்லை. கூடவே பகலில் கூட்டம் குறைகிற பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடிந்த அளவு சார்ஜ் ஏற்றினால் சூரிய மின்சாரம் கிடைக்கிற நேரத்தோடு ஒத்துப்போகும்.

இதற்கெல்லாம் முதலில் அளவு தெரிய வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை யூனிட், பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு எவ்வளவு திரும்புகிறது, அந்த யூனிட் எந்த நேரத்து மின்சாரம் என்று மாதாமாதம் வெளியிட்டால், நம் ஊர் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளே அதை வைத்து ஆராய்ச்சி செய்து எந்தத் தடத்தை எப்படி ஓட்டலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஏறப்போகிறவர்களுக்கு: பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பக்கமே உட்காருங்கள், பின்சீட்டுகள் கொஞ்சம் உயரம். 46ஜி-யில் காலை ஏழரைக்கு முன்னால் போனால் நாங்கள் போனவரை அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்திருக்கிறது.