பலூஸ் மேட்டில் எந்தக் கோதுமை?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பலூஸ் மேடுகளில் மானாவாரியாகக் கோதுமை போடுகிறவருக்கு மூன்று வழி உண்டு. கேக், பிஸ்கட் மாவுக்கான வெள்ளை மென்கோதுமை. அதன் பங்காளியான, கதிர் கட்டையாகத் திரண்டிருக்கும் கிளப் கோதுமை. ரொட்டிக்கான சிவப்புக் கடினக் கோதுமை. மழை ஓரளவு ஏமாற்றாத நிலம் என்றால் என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

மாவைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். மென்கோதுமை மாவு கொழுக்கட்டை போலப் பிடித்த பிடியில் நிற்கும். கடினக் கோதுமை மாவு நறநறவென்று விரலிடுக்கில் உதிரும். மென்மாவைப் பரோட்டாவுக்கு வீசினால் அறுந்துவிடும். கேக்குக்கு வேண்டியதோ அந்த இழுவையில்லாத மாவுதான்.

இழுவை புரதத்தால் வருவது. விவசாயியின் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வசந்தத்தில் விதைக்கும் சிவப்புக் கோதுமையில் 14 சதவீதப் புரதம் எதிர்பார்ப்பார்கள். குறைந்தால் விலையில் பிடித்துக்கொள்வார்கள். விளைச்சல் கூடக்கூடப் புரதம் குறையும், அதை ஈடுகட்ட மேலும் தழைச்சத்து (நைட்ரஜன்) போட வேண்டும். மென்கோதுமைக்குக் கேட்பது 10.5 சதவீதத்துக்குள். ஏக்கருக்கு 80 புஷல், அதாவது சுமார் 2,200 கிலோ எடுக்க, மண்ணில் இருப்பதையும் சேர்த்து ஏறக்குறைய 98 கிலோ தழைச்சத்து போதும்; அதே விளைச்சலுக்குச் சிவப்பு வசந்தக் கோதுமை 130 கிலோ கேட்கும். விளைச்சலும் தரமும் ஒன்றுக்கொன்று மல்லுக்கு நிற்காத பயிர் மென்கோதுமை. அதற்காக உரத்தை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. மழை பொய்த்தால் மிஞ்சிய சத்து புரதத்தை ஏற்றி, கேக் மாவைக் கெடுத்துவிடும்.

இந்த விளைச்சலுக்கு வழி திறந்தது 1961இல் வந்த கெய்ன்ஸ் ரகம். அதுவரை உரம் கூடினால் பயிர் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். கோதுமை ஆராய்ச்சியாளர் ஆர்வில் வோகல் ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தைக் கலந்து தண்டைக் குறுக்கினார். அவர் உருவாக்கிய அதே குட்டைக் கலப்பு மெக்சிகோவில் பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் கைக்குப் போய், அங்கிருந்து நம் பஞ்சாப் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

கிளப் கோதுமையின் மாவு இன்னும் மிருது. மென்கோதுமையோடு அதைக் கலந்துதான் ஜப்பானின் ஸ்பாஞ்ச் கேக்குகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் வாங்குபவர் குறைவு. கூடுதல் விலை கிடைக்கும் ஆண்டில்தான் அது கட்டுப்படியாகும்.

சிவப்புக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அறுவடை நேரத்து மழையில் வெள்ளை மணி சீக்கிரம் முளைகட்டும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். முளைகட்டிய மணியின் மாவுக் கூழ் நீர்த்துப்போகும்; அதனால் கூழைச் சுடவைத்து, அதில் ஒரு கம்பி இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஆலையில் பார்ப்பார்கள். 300 விநாடிக்குக் கீழே போனால் விலை வெட்டுதான். மழை மட்டுமல்ல, மணி முற்றும்போது வெயிலும் குளிரும் மாறிமாறி அடித்தாலும் இந்த எண் விழும். 2016இல் வாஷிங்டன் விவசாயிகள் பலர் அப்படி அடிபட்டார்கள். அதனால் மென்கோதுமையில் ரகம் தேர்கிறவர் விளைச்சல் பட்டியலோடு நிற்காமல், மோசமான ஆண்டுகளில் அந்த ரகம் எத்தனை விநாடி நின்றது என்பதையும் பார்த்துவிட்டு விதை வாங்கட்டும்.