டீச்சாறு புரத நாரைத் தடுக்கிறதா? டியூப், சாயம், மைக்ரோஸ்கோப்: எதை எவ்வளவு நம்பலாம்

நீலகிரியில் பார்மசியோ பயோகெமிஸ்ட்ரியோ படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் என்று வந்துவிட்டால் தேயிலைப் பக்கம் போகாமல் இருப்பது அபூர்வம். "சார், நம்ம ஊர் கிரீன் டீ அல்சைமர் புரதம் திரள்றதைத் தடுக்குமா? எந்த மெஷின்ல பார்க்கலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். முதல் பாதிக்கு அடிப்படை உண்டு. கிரீன் டீயில் நிறைய இருக்கும் இஜிசிஜி என்ற கேட்டக்கின் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்களில் ஒன்று), அல்சைமரில் திரளும் அமிலாய்டு பீட்டாவையும் பார்க்கின்சனில் திரளும் ஆல்ஃபா சைனூக்ளினையும் நாராக வளரவிடாமல் வேறு உருவமற்ற திரளாகத் திருப்பிவிடுகிறது என்று 2008-இல் ஆய்வுக்கட்டுரையே வந்திருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் பல நல்ல உழைப்பு வீணாகிறது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாங்குவதானால் முதலில் டியூப் அளவீட்டுக்கான கருவியை வாங்குங்கள். ஆனால் தேயிலை விஷயத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டு "தடுத்தது" என்று எழுதாதீர்கள்.

டியூப் அளவீடு என்றால் தயோஃப்ளேவின்-டி. இந்த மஞ்சள் சாயத்தின் மூலக்கூறில் இரண்டு பகுதிகள் ஓர் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும்வரை வாங்கிய ஒளியெல்லாம் வெப்பமாகப் போய்விடும். அமிலாய்டு நாரின் (மடிப்பு கலைந்த புரதம் திரண்டு உண்டாகும் நார்) மேல் ஓடும் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் சுழற்சி அடங்கி, சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு 482 நானோமீட்டர் அருகே பளிச்சென்று ஒளிரும். 1959-இல் திசுக்களைச் சாயமேற்றிப் பார்க்க வந்தது. 1993-இல் லெவைன் இதைக் கரைசலில் அளவிடும் முறையாகச் சீர்படுத்தினார். பல குழித் தட்டை அளக்கும் பிளேட் ரீடர் இருந்தால் 96 குழிகளில் ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆரம்பத்தில் எதுவும் நடக்காத காத்திருப்பு, பிறகு செங்குத்தான ஏற்றம், கடைசியில் சமதளம் என்று வரும் அந்த வளைகோட்டை வேறெந்த முறையும் இவ்வளவு மலிவாகத் தராது.

இதில் டீச்சாறு சேர்ந்தால் என்ன ஆகும்? டிகாக்‌ஷனின் செந்நிறமே நீல ஒளியை விழுங்குவதால் வருவதுதான். கறுப்புத் தேயிலையின் நிறமிகளான தியாஃப்ளேவின்கள் 460 நானோமீட்டர் பக்கத்தில் நன்றாக உறிஞ்சும். சாயத்தைத் தூண்ட நாம் அனுப்பும் ஒளி அங்கேயே போய்விடும். கிரீன் டீ வெளிறித்தானே இருக்கிறது என்பார்கள். நடுநிலை பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், காலையில் பழுப்பேறியிருக்கும். குழிக்குள் நார் தாராளமாக இருந்தும் ரீடிங் பாதியாகக் குறையலாம். மஞ்சளிலிருக்கும் குர்குமினாலும் இதே குழப்பம் வரும் என்று 2009-இலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைம் என்ற புரதத்தை பி.எச். 2-இல், 60 டிகிரி வாக்கில் சில நாட்கள் வைத்து நாராக்கிக்கொள்ளுங்கள். முதிர்ந்த நாரிலிருந்து ஒரு துளியை நடுநிலை பஃபரில், சாயத்தோடு கலந்து ரீடிங் எடுங்கள். உடனே அதே க்யூவெட்டில் (ஒளி அளக்கும் சிறு குப்பி) டீச்சாறு விட்டு மறுபடி எடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் ரீடிங் விழுந்தால், விழுந்தது ஒளி. நார் அப்படியே இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல்நீரில் மிஞ்சிய புரதத்தை 280 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம் என்று போகாதீர்கள். கேட்டக்கின்களும் அங்கேதான் உறிஞ்சும். ஜெல்லில் ஓட்டிப் பட்டையைப் பார்ப்பது மேல்.

காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் இதைவிடப் பழையது. 1922-இல் பென்ஹோல்டு அமிலாய்டு அதைப் பிடித்துக்கொள்வதைக் கண்டார். குறுக்குப் போலராய்டுகளுக்கு நடுவே ஆப்பிள் பச்சை தெரிந்தால் அமிலாய்டு. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இரண்டு போலராய்டு வடிகட்டிகளைப் பொருத்தினால் போதும். எண் தராது, படலம் தடிமனானால் ஏமாற்றும். ஆனாலும் டீச்சாறு கலந்த மாதிரியைக் கழுவி, உலர்த்தி, "நார் இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் கேட்பதற்கு இதற்கு இணையான மலிவு முறை இல்லை. நம் கல்லூரிகள் இதை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவது, எல்லோரும் ஆசைப்படும் டிர்ஃப் மைக்ரோஸ்கோப். லேசரைக் கண்ணாடிக்குள் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிய சாய்வில் விட்டு முழுமையாகப் பிரதிபலிக்கச் செய்தால், கண்ணாடியை ஒட்டிய 100, 200 நானோமீட்டர் படலம் மட்டும் ஒளியேறும். மேலே மிதக்கும் சாயத்தின் வெளிச்சம் குறுக்கே வராது. 2003-இல் ஜப்பானில் கோட்டோவின் குழு, தயோஃப்ளேவின்-டியையே வைத்து பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் நார்கள் கண்முன்னே நீள்வதை இப்படித்தான் பார்த்தது. ஒவ்வொரு நாரின் நீளத்தையும் வேகத்தையும் அளக்கலாம். டீச்சாறு புதிய நார் முளைப்பதைத் தடுக்கிறதா, முளைத்ததன் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பிரித்துச் சொல்ல இதுதான் சரி. டியூப்பில் இரண்டும் ஒரே வளைகோட்டுக்குள் கலந்துவிடும்.

குறைகளும் உண்டு. கண்ணாடியே நாரை முளைக்கத் தூண்டலாம். 10 நானோமீட்டர் நார் ஒளியின் எல்லையால் 200 நானோமீட்டருக்கு மேல் தடித்துத் தெரியும். இரண்டு நார்கள் முறுக்கிக் கிடந்தாலும் ஒன்றாகத்தான் தோன்றும். அதைத் தாண்டும் முறைகளுக்கு 2014-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நம் கேள்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சாயம் வேண்டாம், புரதத்தோடு ஜிஎஃப்பி என்ற, தானே ஒளிரும் புரதத்தை ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அமிலாய்டு பீட்டா 42 அமினோ அமிலம், ஜிஎஃப்பி 238. கன்றுக்குட்டியின் கழுத்தில் ஆட்டுக்கல்லைக் கட்டிவிட்டு அதன் நடையை ஆராய்வது போலாகும். செல்லுக்குள் பார்க்க வேண்டியவர்களுக்கு அதன் தேவை வேறு, நமக்கு வேண்டாம்.

மலையில் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஈரம் லென்ஸைத் தின்றுவிடும். அப்ஜெக்டிவின் உள்பக்கம் சிலந்தி வலைபோல் பூஞ்சை ஓடிவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. சிலிக்கா ஜெல்லும் பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பும் கட்டாயம். கரண்ட் போனால் இரவு முழுக்க ஓடிய பிளேட் வீண், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். டிர்ஃப் போன்ற கருவியை இங்கே வைத்துப் பராமரிப்பதைவிட, ஃப்ளோரிமீட்டரும் (சாயத்தின் ஒளிர்வை அளக்கும் கருவி) போலராய்டும் வைத்து வேலையை முடித்துக்கொண்டு, முதிர்ந்த நார்களோடு பெங்களூருவில் ஏதாவதொரு பொது இமேஜிங் வசதிக்குப் போய் வருவது புத்திசாலித்தனம். மாதிரியை மட்டும் உறைய விடாதீர்கள்.

இவ்வளவும் அமிலாய்டுக்கு. நம் மலைக்கே நெருக்கமான புரதத் திரட்சி ஒன்று இருக்கிறது, அதில் இந்தச் சாயம் எதற்கும் உதவாது. 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் இந்தியாவில் அரிவாள் செல் தன்மையை நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் முதலில் பதிவு செய்தார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். ஆக்சிஜன் இறங்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி 21 நானோமீட்டர் தடிமனில், 14 இழை நாராகின்றன. அமிலாய்டு போல மடிப்பு கலைந்து திரள்வதில்லை. தன் வடிவத்தோடேயே திரள்கிறது. அதனால் தயோஃப்ளேவின்-டி சிக்கிக்கொள்ளும் பள்ளமே இல்லை. போதாதற்கு ஹீம் வேறு ஒளியை விழுங்கும். அந்த நார்கள் வளர்வதை 1990-இல் படமெடுத்தபோது ஒளிரும் சாயம் எதுவும் இல்லாமல், டிஐசி என்ற ஒளிமாறுபாட்டு முறையைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஊருக்குள் அதைப் பார்க்க இன்னும் எளிய வழி கலங்கல் சோதனை. செறிந்த பாஸ்பேட் பஃபரில் ஆக்சிஜனை நீக்கும் டைத்தயனைட் சேர்த்து ஒரு துளி ரத்தம் விடுவார்கள். டியூப்புக்குப் பின்னால் கோடு போட்ட அட்டை. கோடு மறைந்தால் ஹீமோகுளோபின்-எஸ் (அரிவாள் செல் ஹீமோகுளோபின்) இருக்கிறது. முகாமில் வைத்துச் செய்ய இது போதும். ஆனால் மரபுக்கூறு தாங்கி மட்டுமா, நோயாளியா என்று பிரிக்காது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சரிவராது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனை வேண்டும். கலங்கிய டியூப்பை வைத்து ஒரு குடும்பத்திடம் "நோய்" என்று சொல்லிவிட்டு முகாமைக் கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. எச்பிஎல்சி முடிவு வரும்வரை அந்தப் பெயர் நம் பதிவேட்டில் "உறுதி செய்யப்பட வேண்டியது" என்றே இருக்கட்டும்.